ஒரே சட்டி, இரண்டு சீட்டு

கோட்டையூர் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் இடது காலில் செருப்பு இல்லை. அது எனக்குத் தெரியவில்லை. என் கணவர் அந்தோணிதான் கவனித்தார்.

"ஒத்தச் செருப்போட எங்க போயிட்டு வார?" என்றார்.

குனிந்து பார்த்தேன். பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. ரத்தம் வந்து, மண் ஒட்டி, காய்ந்தும் போயிருந்தது. அவர் இடுக்கியால் அதை எடுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் வலித்தது போலிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தின்பதையும் தவறவிட்டதில்லை. மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

மறுநாள் காரைக்குடியில் ஒரு தரும ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர், என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண், ஓர் இசைக்கவையைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்தார். நான் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அதே மாதிரி இசைக்கவைகளை வாரந்தோறும் துடைத்து அடுக்குகிறவள். அது அதிர்வதை என் காதால் கேட்க முடிந்தது. விரலால் உணர முடியவில்லை.

"நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு நுனிகள் மரத்துப்போவது). போனது முழுசாத் திரும்பாது. இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம்" என்றார்.

மாத்திரையைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாத்திரைகளின் பெயருக்குக் கீழே அதே மையால் காய்களின் பெயர்களை எழுதினார். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக எடை. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ, மீதிக் காலில்தான் சோறு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னல் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் திறக்கும். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து காலையில் பறித்தவை வரும். பாண்டியம்மாள் என்ற பெண் சீட்டை வாங்கிப் படித்து, நிறுத்து, பையில் போட்டுத் தருவார். அதற்கு விலை இல்லை.

"மருந்து மாதிரித்தான் இதுவும், டீச்சர். வாடவிட்டுத் தூரப் போட்றாதீக" என்றார். பள்ளியில் வேலை பார்க்கும் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான்.

முதல் இரண்டு வாரம் பசித்துக்கொண்டே இருந்தது. பிறகு பழகியது. காலையில் தலை கனக்காமல் எழுந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வக மேசையில் தலை சாய்ப்பது நின்றது. மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சராசரி சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பாதி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது நினைவிருக்கிறது.

இனி அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் தனியார் பஸ்ஸில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வயதிலிருந்து ரத்த அழுத்தம். இதற்கெல்லாம் இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் கூடும் கழிவு) கூடியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். ஒருமுறை போனோம். அவருக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. அதனால் மறுமுறை போகவில்லை. அந்தக் கோப்பு பீரோவின் மேல் இருந்தது. மாத்திரையை மட்டும் தொடர்ந்து வாங்கினோம்.

நான் தனியாகத் தட்டில் காயை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அவர் சொன்னார்.

"நீ எலை தழையத் திங்கிற, நான் எதிர்க்க ஒக்காந்து சோத்த அள்ளிப் போடுறதா? எனக்கும் அதையே வையி."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நோயை ஒரு ஆள் பங்கு போட்டுக்கொள்வதாக நினைத்தேன். ஒரே சட்டியில் இரண்டு பேருக்கும் பொரியல் செய்தேன். பை பற்றாமல் போனால் கடையில் இன்னொரு கட்டுக் கீரை வாங்கினேன்.

நான் தேறத் தேற அவர் சோர்ந்தார். "கால்ல மணல் மூட்டையக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்பார். சோறு குறைந்ததால் வந்த அசதி என்று நானே முடிவு செய்தேன். தெம்புக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தேன். சிறுநீரகம் என்ற சொல் என் வாயிலேயே வந்தது. அப்போதும் பீரோவின் மேலிருந்த கோப்பு நினைவுக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தோம். அடுப்பைப் பார்க்க எழுந்து போய்த் திரும்பினேன். அவர் கையில் ஒரு காய் பாதி உரித்தபடி இருந்தது.

"என்ன, அப்படியே இருக்கீக?"

"எந்திரிக்க முடியல. கையும் வரல" என்றார். பயமில்லாமல், ஏதோ வண்டி கிளம்பவில்லை என்பதுபோலச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். காரைக்குடியில் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்த இளம் மருத்துவர், தாள் ஓடி முடிவதற்குள் நர்ஸிடம் ஊசி எடுக்கச் சொன்னார். நாடித் துடிப்பு நாற்பதுக்கு வந்திருந்தது. கால்சியம் ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். சர்க்கரையே இல்லாதவருக்கு இன்சுலின் எதற்கு என்று கேட்டேன்.

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. அதத் தற்காலிகமா ரத்தத்துலருந்து செல்லுக்குள்ள தள்ளுறதுக்கு" என்றார். பிறகு கேட்டார்: "வீட்ல என்ன சாப்பிடுறாரு?"

"டாக்டர் எழுதிக் கொடுத்த காய்கறிதான்."

"யாருக்கு எழுதினது?"

"எனக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதைக் குறித்துக்கொண்டார்.

பொட்டாசியம் (கீரை, காய், பழங்களில் மிகுதியாக உள்ள தாது) இல்லாமல் தசையும் இதயமும் இயங்காது. நாம் தின்று மிஞ்சியதை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது ரத்தத்தில் சேரும். சேர்ந்து இதயத்தை நிறுத்தவும் செய்யும். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையும் அதைத் தேக்கிவைக்கும் வகை. பள்ளியில் பொட்டாசியம் என்று பெயர் ஒட்டிய புட்டிகளை இருபது வருடங்களாகக் கையாண்டவள் நான். என் அடுப்பங்கரையில் அது இருக்கும் என்று நினைத்ததில்லை.

ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்தார்கள். மூன்றாவது நாள் அவர் கையைத் தூக்கித் தலையைக் கோதிக்கொண்டார். டயாலிசிஸ் இப்போதைக்குப் போதும் என்றும், சிறுநீரகத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். பீரோவின் மேலிருந்த கோப்பை எடுத்து வரச் சொன்னபோதுதான், அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். கீரை, இளநீர், வாழைத்தண்டு என்று தவிர்க்க வேண்டியவை வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன.

வீடு திரும்பியதும் நான் காயைத் தொடுவதை விட்டேன். செவ்வாயும் வெள்ளியும் வந்து போயின. பை வாங்கப் போகவில்லை. அவருக்குச் சோறும் மோரும். எனக்கும் அதேதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது நிதானமாக யோசித்தால், அது தண்டனை என்றுதான் தோன்றுகிறது. பாதத்தில் எரிச்சல் தொடங்கியது. சொல்லவில்லை. காலைத் தேய்த்துக்கொள்வதை அவரே பார்த்துவிட்டார்.

"நீ காயத் திங்காமக் கெடந்தா என் கிட்னி முளைச்சு வந்துருமா?" என்றார். "கெளம்பு. அந்த டாக்டரம்மாவ ரெண்டு பேருமாப் போயிப் பாப்போம்."

மருத்துவர் முன் இரண்டு பேரின் கோப்புகளையும் வைத்தோம். அவர் பொறுமையாகப் படித்தார்.

"வீட்ல எத்தனை பேர்னு கேட்டேன். அவங்களுக்கு என்ன நோய்னு கேக்கல. கேட்டிருக்கணும்" என்றார்.

"நானாவது சொல்லியிருக்கணும்" என்றேன்.

"என்னைய ரெண்டு பேருமே கேக்கல. நானே தட்ட நீட்டுனேன்" என்றார் அந்தோணி. மருத்துவர் சிரிக்கவில்லை. ஆனால் அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

அவர் மதுரை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு இரண்டாவது சீட்டு எழுதினார். சுரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ், அளவோடு. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அடுத்த முறை போனபோது பதிவுச்சீட்டில் 'வீட்டில் மற்றவர்களுக்கு உள்ள நோய்' என்று கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

பாண்டியம்மாள் இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு, "ஒரு வீட்டுக்கு ரெண்டு பையா? கலந்துறாம, இங்குட்டு இருக்கது உங்களுக்கு, அங்குட்டு இருக்கது அண்ணனுக்கு" என்று தனித்தனியாகக் கட்டினார்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டிலும் இரண்டு நோய்கள் இருக்கலாம். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் மற்றவருடைய கோப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். காய்கறி நல்லதுதான். யாருக்கு, எவ்வளவு என்பது சேர்ந்தால்தான் அது மருந்து.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய கிரியாட்டினின் குறையவில்லை. பெரிதாக ஏறவும் இல்லை. எங்களுக்கு வருடம் என்பது போய்விட்டது. அவருக்கு ஒரு மாதம், எனக்கு மூன்று மாதம். ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் கையிலிருக்கும் காலம். அதற்கு அப்பால் நாங்கள் பேசுவதில்லை. ஆனால் அதற்குள் நிறைய இடம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

உடம்பையும் முன்போல என்னுடையது என்று தனியாக நினைக்க முடிவதில்லை. அவர் கால் கனக்கிறது என்றால் என் கை முதலில் அடுப்புப் பக்கம் போய், அன்று என்ன சமைத்தேன் என்று தேடுகிறது. என் பாதங்களைத் தினமும் அவர்தான் திருப்பிப் பார்க்கிறார். என்னால் உணர முடியாத இடத்தை அவர் கண் உணர்கிறது.

அவருக்கான காய் வெந்த தண்ணீரைக் கொட்ட எனக்கு மனமில்லை. என் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கெடுதல் இல்லை என்றார் மருத்துவர். இப்போது அதில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நான் குடிக்கிறேன். அவர் உடம்புக்கு ஆகாதது என் உடம்புக்குள் போகிறது.

"எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பார்.

"சொரக்கா வாசம் அடிக்குது" என்பேன். அவர் தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்.