பை இல்லாத சட்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய தங்கச் சங்கிலியை வாழையிலையில் சுற்றி, தூக்குவாளியில் புளியோதரைக்கு அடியில் வைத்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மழித்த முகம், ஒட்ட வெட்டிய நகம், வெள்ளை வேட்டி. சட்டையில் பையே இல்லை. டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் செருகியிருந்தார். பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையாம், லீவில் வந்திருந்தார். சட்டையைப் பற்றிக் கேட்டேன்.

“கப்பல்ல எதும் காணலைன்னா மொதல்ல எங்க பையத்தான் தடவுவாக. அதான் ஊர்லயும் பை வேண்டாம்னு தச்சுக்கிட்டேன்.”

“அறையில பூட்டுப் பெட்டி இருக்காதா?”

“சுவத்துலயே இருக்கும். நம்பரு மறந்துருமோன்னு பயந்து, பயணிக நகையெல்லாம் ஷூவுக்குள்ள, தலகாணி உறைக்குள்ள வைப்பாக. பொறவு அங்கனயே பாத்துக்கிட்டு இருப்பாக, நீங்க தூக்குவாளியப் பாக்குற மாதிரி.”

வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதன்பின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

தன் நிறுத்தம் வந்ததும் எழுந்தவர், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் காட்டினார்.

“இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, பொறவு எறங்குதேன். ஒவ்வொரு அறையிலருந்தும் இப்படித்தான் வெளிய வருவேன்.”

‘அதெல்லாம் வேண்டாங்க’ என்று நான் சொல்லியிருக்கலாம். மூடியைத் திறந்து, புளியோதரைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.