கற்பூரத்தில் அடித்த சத்தியம்

கண்ணுகளா, உங்கள் சித்தப்பா எப்படி இறந்தான் என்று கேட்டபோதெல்லாம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அது பொய். பெருந்துறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், முதுகுவலிக்கு ஊசி போட ஆரம்பித்தான். பிறகு ஊசி இல்லாமல் இருக்க முடியவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்தோம். "இந்த மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாத்தானுங்க குறைக்கோணும்" என்று டாக்டர் கொடுத்தனுப்பினார். போதையை விடுவதற்கு இன்னொரு போதையா என்று நான் அதைச் சாக்கடையில் கொட்டினேன். கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன், ஊசியும் மாத்திரையும் தொடமாட்டேன் என்று.

மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"அந்த மாத்திரையாச்சும் வாங்கிக் குடுங்ணா."

"சத்தியம் பண்ணுனயல்லடா? ஆம்பளையாட்டம் பல்லைக் கடிச்சுட்டு இரு."

நான்காம் நாள் ஆளைக் காணோம். ஈரோடு ரயில் நிலையத்தில் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்தேன்.

"சத்தியத்தை மீறிப்போட்டனுங்ணா. குழந்தைங்க இருக்கற ஊட்டுக்கு எப்படி வாரது? சாமி குத்தம் அதுகளுக்கு வந்துருமுங்ணா" என்று உதறிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் அங்கேயே இறந்து கிடந்தான். போதை கொன்றுவிட்டது என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன்.