பின்பக்கம் வெறுமையாக இருந்த அட்டைகள்

இந்த 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனப் பெருநாளுக்கு முந்திய வாரம் நடந்தது இது. மலேசியாவில், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் பதிவு வேலை பார்க்கிறேன். வீடு அசாம் ஜாவா பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில். என் ஐந்து வயது மகன் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குப் போகிறான்.

அன்று டாக்டர், அலமாரியில் இடமில்லை என்று பழைய நோயாளி அட்டைகளைக் கழிக்கச் சொன்னார். எரிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"எரிச்சா என்ன, குப்பையில போட்டா என்ன? அஞ்சு வருஷமா வராதவங்க கார்டு. யாரும்மா படிக்கப் போறா?"

நல்ல கெட்டி அட்டைகள். பாதிக்கு மேல் பின்பக்கம் எழுதாமல் வெள்ளையாக இருந்தன. பிள்ளைகளுக்குப் படம் வரையத் தாள் இல்லை என்று பாலர் பள்ளி டீச்சர் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். வீணாகப் போகிறதே என்று நாற்பது அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். டீச்சர் மகிழ்ந்து போனார். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஒரே கூட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின் லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் மாமியார் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பேரப்பிள்ளை ஆம்பளப் பிள்ளையா வேணும்னு மூணு வருஷம் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் தூக்கினேன். மகாராணி வீட்டுக்குள்ளயே பிள்ளை உண்டாகாம இருக்க மாத்திரை முழுங்கிக்கிட்டு இருந்திருக்கா."

"உனக்கு யாரு சொன்னா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"யாரு சொல்லணும்? எதிர்வீட்டுச் சின்னப்பையன் வாத்து வரைஞ்சு கொண்டாந்த அட்டையில இருக்கு லா. பேரு, அடையாளக் கார்டு ஐசி நம்பரு, எல்லாம். அவன் அக்கா இடைநிலைப் பள்ளியில பாரம் திரீ படிக்கிறவ, அவதான் வாசிச்சா."

என் கையிலிருந்த வாளி நிரம்பி வழிந்தது. அந்த அட்டையை எழுதியது நான்தான். டாக்டரின் கிறுக்கலை யாராலும் வாசித்திருக்க முடியாது. மேலே கருத்தடை மாத்திரை கொடுத்த தேதிகளை அச்சுப்போல எழுதி வைத்தவள் நான்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மகள்கள். இரண்டாவது பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் உயிர் போய் வந்தது. இன்னொரு பிள்ளை ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். வீட்டில் சொல்லப் பயந்து, எங்களிடம் மாத்திரை வாங்கினாள். பிறகு அரசாங்க கிளினிக்கில் இலவசமாக வாங்கிக்கொண்டாள்.

குழாயடியிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் அவள் இரகசியம்தானே, அதையும் நானே போட்டு உடைப்பதா என்று தயங்கினேன். அட்டை எப்படி வந்தது என்று கேட்பார்களே என்ற பயமும் இருந்தது. எது பெரியதாக இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை அவள் புருஷன் அவளை அடித்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. மாத்திரைகளை மாமியார் சாக்கடையில் கொட்டியதாக மறுநாள் சொன்னார்கள்.

வீடு வீடாகப் போய் அட்டைகளைத் திரும்பக் கேட்டேன். ஏழு கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை வீட்டுக்குப் பின்னால் எரித்தேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்படிப்பட்டவற்றை அழித்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒண்ணும் இல்லம்மா. இனிமே எரிச்சிரு."

ஜூன் மாதம் அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. நான் புது அட்டையை எடுத்து, என்ன உடம்புக்கு என்று கேட்டேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்."

பேனாவை நான் கீழே வைக்கவில்லை போலும். அதையே பார்த்துக்கொண்டு, "எழுதாதீங்க அக்கா" என்றாள். "உங்க எழுத்து ரொம்ப அழகு. எல்லாருக்கும் புரியுது."

மன்னிப்புக் கேட்காமல் பேனாவை மூடி வைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். கர்ப்பம் உறுதியானது. டாக்டர் அவள் புருஷனை வரவழைத்துப் பேசினார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். மாமியார் மட்டும், சாமி கொடுத்ததைக் கலைக்கக் கூடாது என்று நின்றுவிட்டார்.

இதை எழுதும்போது அவளுக்கு ஏழாம் மாதம். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகிறார்கள். கூப்பிட்டு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா, அதற்கு எனக்கு என்ன தகுதி என்று கதவோரம் நின்று யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்.

கிளினிக் அட்டைதானே என்று எடுத்துக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது அவளுடைய உயிர் என்பதும், சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் காத்திருக்க வேண்டியவள் நான் என்பதும், இப்போது ஒவ்வொரு புதுப் பெயரை எழுதும்போதும் என் கையைப் பிடித்து நிறுத்துகின்றன.