போலீஸ் கண்ணை மூடும் என்று ஜெபித்தேன்

உங்க முன்னால நிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. போன வருஷம் நம்ம சபையில இதே இடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். ராத்திரி ரோட்டுல போலீஸ் நின்னப்ப, "ஆண்டவரே, அவங்க கண்ணை மூடும்"னு ஜெபிச்சேன், சீட் பெல்ட் போடாத என்னை ஒருத்தரும் நிறுத்தலன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் கை தட்டுனிய. அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கிடத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

நான் தாராவியில இருந்து டாக்ஸி ஓட்டுதேன். பெல்ட் மாட்டலன்னா வண்டி கீ கீன்னு கத்தும். அதை அடக்க ஒரு கிளிப் விக்காங்க. பெல்ட் கொக்கி மாதிரியே இருக்கும். கொக்கி மாட்டுற இடத்துல அதைச் செருகிட்டா வண்டி ஏமாந்து போயிரும். என் சீட்டுக்கு ஒண்ணு, பக்கத்து சீட்டுக்கு ஒண்ணு வச்சிருந்தேன். போலீஸைக் கண்டா பெல்ட்டை இழுத்து நெஞ்சு மேல கையால பிடிச்சுக்கிடணும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி எஸ்தருக்கும் அதையே பழக்கிக் குடுத்தேன். "இது பொய்தானங்க"ன்னு அவ கேப்பா. "ஏட்டி, ஜெபம் பண்ணிட்டுத்தான வண்டியை எடுக்கேன்? உனக்கு விசுவாசமே கெடையாது"ன்னு வாயை அடைச்சிருவேன்.

போன மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை. தேவ்நார்ல வீட்டு ஜெபம் முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் வாரோம். மணி பதினொண்ணு தாண்டிட்டு. செம்பூர் கழிஞ்சதும் போலீஸ் தடுப்பு வச்சு, ஒவ்வொரு வண்டியா டார்ச் அடிச்சுப் பாக்காங்க. "பெல்ட்டைப் பிடிட்டி"ன்னேன். பிடிச்சா. நான் வழக்கம்போல, கண்ணை மூடும் ஆண்டவரேன்னு முணுமுணுத்தேன்.

வயசான ஒரு ஹவல்தார் அவ பக்கத்துக் கண்ணாடியைத் தட்டுனாரு. "பாபி, ஹாத் சோடோ." கையை விடுங்க அண்ணின்னு இந்தியில சொல்லுதாரு. அவ விட்டா. பெல்ட் சர்ருன்னு ஓடிப் போயி மேல ஒட்டிக்கிட்டு.

எனக்கு அப்பவும் புத்தி வரல. "சாப், நாங்க பிரேயர்ல இருந்து வாரோம்"னு இந்தியில சொன்னேன். அவரு எஸ்தர் மடியில இருந்த பைபிளைப் பாத்தாரு. கிளிப்பைப் பாத்தாரு. சாமி கும்பிட்டுட்டு வந்து இந்த நாடகமான்னு கேட்டாரு. அக்கம்பக்கத்து வண்டிக்காரங்க எல்லாரும் பாக்காங்க. எஸ்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அபராதம் போட்டு, ரெண்டு கிளிப்பையும் பிடுங்கிக்கிட்டாரு. நாங்க பெல்ட்டை நெசமாவே மாட்டுற வரைக்கும் அவரு நகரல.

கொதிச்சுக்கிட்டே ஓட்டுனேன். ஆண்டவர் மேலயே கோவம். சயான் வர இன்னும் கொஞ்ச தூரந்தான், எதிர்க்க தப்பான பக்கத்துல ஒரு பைக் வந்துட்டு. சட்டுன்னு ஸ்டியரிங்கை ஒடிச்சேன். மழை ஈரத்துல வண்டி வழுக்கி, எஸ்தர் பக்கத்து முன்மூலை ஓரத்துத் தூண்ல போயி மோதிட்டு. என் வண்டியில மோதுனா விரியுற காத்துப் பலூன் டிரைவருக்கு மட்டுந்தான். அவளுக்கு அந்தப் பெல்ட்டைத் தவிர ஒண்ணும் இல்ல.

"எஸ்தர், எஸ்தர்"னு கத்துதேன். தோளைப் பிடிச்சு உலுக்குதேன். "ஏசப்பா, நான்தான் பாவி. அவளை எடுத்துக்கிடாதயும்"னு அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியல. "இந்தப் பெல்ட்டைக் கழத்துங்க, மூச்சு முட்டுது"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அந்தக் குரலுக்காக என் ஆயுசு முழுக்க தோத்திரம் சொல்லணும்.

ஆஸ்பத்திரியில பாத்தாங்க. எலும்பு ஒண்ணும் முறியல. தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் சாய்வா நீலம் பாரிச்ச ஒரு தடம், அவ்வளவுதான். பெல்ட் இல்லாட்டி உங்க சம்சாரம் கண்ணாடியை உடைச்சு வெளிய போயிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு.

"எத்தனை தடவை கேட்ட ஜெபம், அன்னைக்கு மட்டும் ஏன் அவரு கேக்கல?"ன்னு அவகிட்டயே புலம்புனேன். அப்பதான் சொன்னா. "நானும் ஜெபிச்சேம்லா. ஒவ்வொரு தடவையும் கையில பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டே ஜெபிச்சேன். ஆண்டவரே, இவுகளைப் பிடிச்சுக் குடுத்துரும்னு."

விசுவாசம் இல்லாதவன்னு நான் யாரைச் சொல்லியிருக்கேன் பாத்தியளா? சீ, என்ன மனுசன் நான்!

இப்பல்லாம் ஆமென் சொல்லி, ரெண்டு பெல்ட்டும் மாட்டுற சத்தம் கேட்ட பெறகுதான் சாவியைத் திருப்புதேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லாம உக்காந்தா இதுவும் பழைய சாட்சி மாதிரி ஆயிரும். ஹவல்தார் பிடுங்குனது ரெண்டு கிளிப். என்கிட்ட மூணாவது ஒண்ணு இருந்துச்சு. இத்தனை மாசமா பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். தூக்கிப் போட மனசு வரல. எஸ்தர், உனக்கும் இப்பதான் சொல்லுதேன்.

அதை இன்னைக்குக் கொண்டு வந்திருக்கேன். காணிக்கைப் பை இப்ப உங்ககிட்ட வரும். போன வருஷம் கை தட்டுன டிரைவர் தம்பிமாரே, வெளிய நிக்கிற உங்க வண்டியிலயும் இது இருக்கும்னு எனக்குத் தெரியும். போயி எடுத்துட்டு வாங்க, பை காத்திருக்கட்டும். ஆண்டவரை நம்பி கிளிப்பை அதுல போடுங்க. முதல்ல நான் போடுதேன்.