நான் குடித்து முடித்த தேத்தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு நாடு அலைந்து, லண்டனில் பத்து மாதத்தில் ஆறு வேலை மாறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அங்கே முதியவர்களைப் பராமரித்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். குளிருக்குத் தன் கணவரின் பழைய கோட்டையும் தந்தார்.

மாடியறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கவாதத்தில் பேச்சும் நடையும் போய்விட்டன. பகல் முழுக்கக் கதிரையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். பின்னேரம் நான் தூசி துடைக்கப் போகும்போது அவருடைய தேத்தண்ணீர் யன்னல் ஓரத்தில் ஆறிப்போய் அப்படியே இருக்கும். பிடிக்காதாக்கும் என்று முடிவு செய்தேன். பாரிஸில் குப்பைத்தொட்டியில் கிடந்த பாண் துண்டைச் சாப்பிட்ட எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. குடித்தேன். பிஸ்கட்டையும் விட்டுவைக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை நட்பு என்று எடுத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டு வருவேன். மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், இப்படிப் போனது.

ஒருநாள் யன்னலைத் துடைப்பதற்காகக் கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் திரும்புவதற்குள், இயங்கிய ஒற்றைக் கையால் பற்றி, மூச்சு விடாமல் குடித்துவிட்டார். உதடுகள் வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கதிரையிலிருந்து யன்னலுக்குக் கை எட்டாது என்பதையும்.

அக்காவிடம் போனேன். "அக்கா, கோப்பையை அவவுக்கு எட்டாத இடத்தில வைக்கிறது ஆர்?"

"நான்தான். குடிச்சா கட்டில் நனையும். ஒருநாளைக்கு எத்தினை விரிப்பு மாத்திறது? நீ வந்து மாத்துவியோ?"

"பாவமக்கா. தண்ணி விடாய்க்குமெல்லே."

"இப்பதான் பாவம் தெரியுதோ? வெறுங்கோப்பை திரும்பி வந்தா, குடிச்சவ எண்டு புத்தகத்தில எழுதுறன். அதைக் காலி பண்ணினது ஆர், துரை?"

அவருடைய பொய்க்கு மூன்று கிழமையாக என் வயிறுதான் சாட்சி.

இரண்டு நாள் நானே கோப்பையை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் எனக்கு லீவு. மோர்டனில் என் அறையில் படுத்திருந்தேன். நாலு மணியானதும் அந்தக் கோப்பை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிட்டது. எழுந்தேன். வேறு கோட் இல்லாததால், அக்கா தந்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அக்காவைப் பற்றி முறையிடப் போனேன்.

மேலாளர் ஓர் ஆங்கிலப் பெண். "குடித்தார் என்று புத்தகத்தில் இருக்கிறதே. இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் குடித்தேன்."

பேனையைக் கீழே வைத்தார். "எத்தனை நாள்?"

"மூன்று கிழமை. பிஸ்கட்டும்."

முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் கவுன்சிலில் இருந்து வந்தவர்கள் அதையே திரும்பச் சொல்லவைத்து, எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். லண்டனில் நான் கொடுத்த முதல் வாக்குமூலம் அது. அக்காவின் வேலை போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோட்டைக் கழுவி அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மாவுக்குப் பெரிய பிடி வைத்த கோப்பை கொடுத்தார்கள். உதடுகள் ஆறின. ஆனால் துடைக்கும் துணியோடு நான் உள்ளே நுழைந்தால் போதும், கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். நான் வெளியே போகும்வரை விடமாட்டார்.