‘ஊரில் இல்லை’ என்ற துளை

செத்துப்போன குழந்தையை ‘ஊரில் இல்லை’ என்று கார்டில் வெட்டச் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. எனக்கு எதற்கும் பயம்தான் முதலில் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு ரயில்வே கேட் வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போகிற ஜாதி நான். இது மட்டும் பயம் இல்லை.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற காலம். அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சர்ச்சில் யாரோ சொல்லி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் நடந்த பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சுற்றுவட்டார ஊர்களில் பிறக்கிற குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கிற ஆராய்ச்சி. முடிச்சூரும் அதில் ஓர் ஊர்.

வீட்டுக்கு ஒரு கார்டு. கார்டின் நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு அர்த்தம் உண்டு: முதல் பிரசவம், ஆண், பெண், இறப்பு, ஊரில் இல்லை. விசிட்டர்கள் ஊர் ஊராகப் போய் எழுதி வருகிற தாளைப் பார்த்து, ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர் வைத்திருப்பது மாதிரி ஒரு கருவியால் அந்தந்தத் துளையை ஓரம் வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். அப்புறம் கட்டாக அடுக்கி, ஒரு துளைக்குள் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி மாதிரி நீளமான ஊசியை நுழைத்துத் தூக்கி உலுக்கினால், வெட்டின கார்டுகள் மட்டும் மேசையில் உதிரும். உதிர்ந்ததை எண்ணினால் அதுதான் கணக்கு. தப்பாக வெட்டினால் ஒட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு கார்டையும் மூன்று தடவை பார்ப்பேன். “இது கார்டும்மா, கழுத்து இல்ல, பயப்படாம வெட்டு” என்று விசிட்டர் அக்கா கேலி செய்வாள்.

கார்டில் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும்தான். அது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேடம் போட்ட விதி. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. வெள்ளைக் காட்டன் புடவை, கண்ணாடி, குரல் ஏறவே ஏறாது. “இந்த ரூமுக்குள்ள யாருக்கும் பேர் இல்ல” என்பார். எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது, அந்தக் கார்டு என் கைக்கு வரும் வரை.

என் தங்கை முடிச்சூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டு நிலைப்படியில் எங்கள் அலுவலகத்து ஆட்கள் தாரில் எண் எழுதியிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவள் மாமியார் என்னைத் திட்டியதால் அந்த எண் எனக்கு மனப்பாடம். தங்கை தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லாப் பெண்களும் அப்படித்தானே. குழந்தை பிறந்தது, ஒரு வாரம் தாண்டியதும் போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகவில்லை என்பதால் சர்ச் புத்தகத்தில் இல்லை. வீட்டில் பிறந்ததை யாரும் பிறப்பு இறப்புப் பதிகிற ஆபீசில் போய் எழுதி வைக்கவும் இல்லை. தங்கை வெறுங்கையோடு முடிச்சூருக்குத் திரும்பினாள். அவள் மாமியார் வீட்டில் அப்படி ஒரு குழந்தையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

முடிச்சூரின் கடைசிக் கட்டு தாள்கள் வந்த அன்று பார்க்கிறேன், அந்த எண். விசிட்டர் போனபோதெல்லாம் தங்கை தாய்வீடு போயிருக்கிறாள் என்று எழுதியிருந்தது. கடைசியாகப் போனபோது “வீட்டில் குழந்தை உண்டா” என்று கேட்டிருக்கிறார்கள், “இல்லை” என்று யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். பிரசவ சமயத்தில் அவள் அங்கே இல்லாததால் விதிப்படி நான் வெட்ட வேண்டியது ‘ஊரில் இல்லை’.

வெட்டவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு மேடம் மேசைக்குப் போனேன்.

“மேடம், இந்த வீடு எனக்குத் தெரியும். என் தங்கச்சி வீடு.”

கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீ அதத் தொட்டிருக்கக் கூடாது.”

முதல் வார்த்தை அது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

“குழந்தை பொறந்துச்சு மேடம். எங்க வீட்ல. செத்தும் போச்சு. நான் பாத்தேன்.”

“நீ சொல்றன்னு ஒரு கார்ட மாத்தினா அது கணக்கு இல்லம்மா, சிபாரிசு. உன் தங்கச்சிக்கு நீ இருக்க. இங்க யாருமே இல்லாதவளோட குழந்தைய யார் வந்து சொல்லுவா?”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒருத்தி வயிறெரிந்து வந்து நிற்கும்போது இத்தனை சரியாகப் பேச ஒரு மனுஷிக்கு எப்படி முடிகிறது?

மேடம் எழுந்து வந்து, கட்டுகளை எடுத்து, அவரே ஊசியை நுழைத்தார். முதலில் முதல் பிரசவங்களை உதிர்த்தார். உதிர்ந்தவற்றை அடுக்கி ‘ஊரில் இல்லை’ துளையில் மறுபடி ஊசி. உலுக்கினார். பெரும்பாலானவை மடமடவென்று மேசையில் விழுந்தன. ஊசியில் மிஞ்சியது கொஞ்சம்.

“நானும் எங்கம்மா வீட்டுக்குத்தான் போனேன், பிரசவத்துக்கு” என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

என்னைத் தவிர அந்த அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்கள்தான். டைப்பிஸ்ட், விசிட்டர் அக்கா, எல்லோரும். முதல் பிரசவத்தைப் புருஷன் வீட்டு வாசலில் நின்று தேடச் சொன்ன ஆராய்ச்சியில் அத்தனை பேரும் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“ஆரம்பத்துலயே புரொபசர்கிட்ட எழுதிக் குடுத்தேன். ஊர்ல இல்லாதவங்கள கணக்குலேருந்து விட்டுடறதுதான் எல்லா இடத்துலயும் வழக்கம்னார்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல.”

அந்த ‘ஒண்ணும் இல்ல’வுக்கு அவரை அறைந்திருப்பேன். வேலை போய்விடுமே என்ற பயம் கையைப் பிடித்துக்கொண்டது.

ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியரோ ஏற்கனவே சந்தோஷத்தில் இருந்தார். இறப்பு நினைத்ததைவிடக் குறைவு, பிரசவத்துக்கு நாம் கொடுத்த பொட்டலங்கள் பலன் தந்துவிட்டன என்று போன வாரம்தான் அலுவலகம் முழுக்கக் கேசரி கொடுத்திருந்தார். நானும் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் மேடம், உதிர்ந்தது ஒன்றும் ஊசியில் மிஞ்சியது ஒன்றுமாக இரண்டு கட்டுகளோடு அவர் அறைக்குப் போனார். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

“தாய்வீடு தாய்வீடா தேடிட்டுப் போனா எப்போ முடிக்கறது? ரிப்போர்ட் அனுப்பணும்.”

“எல்லாத் தாய்வீட்டுக்கும் போகணும் சார். இல்லன்னா முதல் பிரசவம்ங்கற பேச்சே ரிப்போர்ட்ல வரக்கூடாது.”

“அதுக்கெல்லாம் ஜீப் தர முடியாது.”

“பஸ்ல போவாங்க. வேண்டாம்னா ரிப்போர்ட் என் பேர் இல்லாம போகட்டும் சார்.”

 பிறகு பேராசிரியர், “பஸ்லயே போங்க” என்றார். பெருந்தன்மையோடு கொடுக்கிற மாதிரி.

அப்படித்தான் விசிட்டர்கள் பஸ்ஸிலும் நடந்தும் ஒவ்வொரு தாய்வீடாகத் தேடிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மேடம் என்னைக் கூப்பிட்டு, “உன் வீட்ல நீ வாய் தொறக்கக் கூடாது” என்று சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை விசிட்டர் அக்கா வந்தாள். கிறிஸ்துமஸ் துணி எடுக்கத் தங்கையும் வந்திருந்தாள், உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

“இன்னாம்மா, ஒம் பொண்ணு பிரசவத்துக்கு இங்கதானே வந்துச்சு? கொழந்த இன்னா ஆச்சு?”

அம்மா சிரித்தாள். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காபி சாப்பிடுறீங்களா?”

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பஸ், அவ்வளவு பேச்சு, எல்லாம் எங்கள் வீட்டிலேயே ஒரு காபியில் முடியப் பார்க்கிறது. ‘குழந்தை இல்லை’ என்று விசிட்டர் எழுதிவிட்டால் இனி யாரும் வந்து கேட்க மாட்டார்கள். வாய் திறந்தால் வேலை போகும். திறக்கத்தான் போனேன்.

தங்கை பாதிப் பின்னலோடு வெளியே வந்தாள்.

“காபி அப்புறம் போடலாம்மா. அக்கா, ஒக்காருங்க. எழுதுங்க. பையன்.”

“உசுரோட பொறந்துச்சா?”

“அழுதான். தெருவுக்கே கேட்டுது.”

“பால் குடிச்சானா?”

“மொதல்ல நல்லாக் குடிச்சான். அப்புறம் வாயே தொறக்கல. ஒடம்பு விறைச்சு விறைச்சு இழுத்துது.”

விசிட்டர் அக்கா பேனாவை நிறுத்தினாள். “தொப்புள் இன்னாத்தால அறுத்தாங்க?”

தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள். “மருத்துவச்சி கொண்டாந்த பிளேடுதான். மேல எல்லாரும் போடறததான் போட்டோம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “சாம்பல்” என்றாள்.

அழுக்கு பிளேடும் தொப்புளில் வைக்கிற சாம்பலும்தான் குழந்தைக்கு அந்த இழுப்பைக் கொண்டுவரும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். அம்மா எதை மறைத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள்மேல் வந்த கோபம் அவளைத் தாண்டிப் போய்விட்டது. புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் போட்ட பொட்டலங்கள் எங்கள் அலுவலகத்தில் அலமாரி நிறைய இருந்தன. ஒன்பதாம் மாதம் வீடு தேடிப் போய்க் கொடுப்பார்கள், முடிச்சூர் வீட்டுக்கு. ஏழாம் மாதமே தாம்பரம் வந்துவிட்டவளுக்குக் கிடையாது. தாம்பரம் ஆராய்ச்சியில் இல்லை. அந்த அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கேட்டிருக்கலாமே என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் பேசத் தயாராக இல்லை. ஒரு பென்சில் அதிகம் கேட்டாலே காரணம் எழுதிக் கொடு என்கிற இடம் அது.

திங்கட்கிழமை அந்தக் கார்டை மேடம் என்னிடம் தரவில்லை. கருவியை வாங்கி அவரே வெட்டினார்: முதல் பிரசவம், ஆண், இறப்பு. பிறகு தாய்வீடுகளிலிருந்து வந்த தாள்களைப் பார்த்து வெட்டின புதுக் கார்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கி, ‘இறப்பு’ துளையில் ஊசியை நுழைத்துத் தூக்கினார். உதிர்ந்தன. உதிர்ந்துகொண்டே இருந்தன. எது எங்களுடையது என்று நான் தேடவில்லை. மேடம் எண்ணி எழுதினார். இரண்டாம் முறை எண்ணும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தூசியோ என்னவோ, நான் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் தீரவும் இல்லை. முதல் நாளே பேராசிரியர் அறையில் ‘என் பேர் இல்லாம போகட்டும்’ என்று சொல்லியிருந்தால்?

புதுக் கணக்கோடுதான் ரிப்போர்ட் போனது. இந்த முறை கேசரி இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் வாசலில் தங்கை என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

“எழுதிட்டாங்களாக்கா?”

“எழுதிட்டாங்க.”

“என்னன்னு?”

“ஆண். இறப்பு.”

“பேரு?”

“பேரெல்லாம் போட மாட்டாங்க. யாருக்கும் போட மாட்டாங்க.”

“வைக்கவே இல்லியே, போடறதுக்கு” என்றாள். மாமியார் கூப்பிட்டாள், போய்விட்டாள்.

பெயர் இல்லாதவனுக்கு மண்ணுக்குள் போன பிறகு கணக்கில் இடம் கொடுத்த அந்த அலுவலகத்தில் நான் இன்னும் பல வருஷம் வேலை பார்த்தேன். அலமாரிப் பொட்டலங்களைத் தாய்வீடுகளுக்கும் கொடுக்கச் சொல்லி மேடம் எழுதிய காகிதம் பேராசிரியர் மேசையில் எத்தனையோ நாள் கிடந்தது. காலையில் தூசி தட்டும்போதெல்லாம் அதை எடுத்து மேலே வைப்பேன். சாயங்காலம் அது மறுபடி அடியில் போயிருக்கும்.