வீணை உறைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் தொழிலில் பெட்டியைத் திறந்து பார்ப்பது சுலபம். வாங்குகிறவர் மனதைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம். தொண்ணூறுகளின் கடைசியில் ராயப்பேட்டையில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து நானும் நண்பன் தாஸும் அந்தத் தொழிலைச் செய்தோம். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளுக்கு ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து மாட்டிக் கொடுப்போம். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார முறை வராமல் நின்ற பெற்றோர்களே, உங்களுக்கு எல்லாம் புரியும். ஒரு வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன்.

படிப்புக்குத்தான்

வீடு அபிராமபுரத்தில். ராகவன் சார் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்த்தார். மாமி வீட்டிலேயே வீணை வகுப்பு நடத்தினார். மகள் நித்யா எட்டாம் வகுப்பு. “படிப்புக்குத்தான் வாங்கறோம். கேம்ஸ் கீம்ஸ் எதுவும் வேண்டாம். சிக்கனமா முடிச்சுக் குடுங்கோ” என்றார் சார். இந்த மூன்று வாக்கியங்களையும் இதே வரிசையில் நான் எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

அவர் சட்டை மாற்ற உள்ளே போனதும் நித்யா பாவாடை மறைவிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்துக் காட்டினாள். கார் பந்தயம். தோழியிடம் இரவல். பெங்களூரிலிருந்து அவளுடைய அத்தை பையன் கார்த்திக் கோடை விடுமுறைக்கு வருகிறான். போன வருடம் அவன் வீட்டில் இவளை கீ போர்டைத் தொடவே விடவில்லையாம். பெண்களுக்குக் கை வேகம் போதாது என்றானாம். இவளும் ரோஷத்தில், “எங்காத்து கம்ப்யூட்டர்ல உன்னை ஜெயிச்சுக் காட்டறேன்” என்று போனில் சவால் விட்டிருந்தாள். அப்போது வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ அங்கிள். ஆனா கார் ஓடணும். ஓடலைன்னா அவன் லீவு முழுக்கச் சிரிப்பான்.”

ஆத்துல ஃபேன்

அந்தக் கார் ஓடத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். படம் தெளிவாகத் தெரிவதற்கு என்று சாரிடம் சொன்னேன். பொய் இல்லை. “ஜியாமெட்ரிக்கு ரொம்ப அவசியம்ப்பா” என்றாள் நித்யா. அது பொய்.

ரிச்சி தெருவுக்கு சாரும் கூட வந்தார். தி. நகரில் புடவை எடுக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் போடச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெமரியை நகத்தால் சுரண்டினார். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மாட்டும் கேபினெட் பெட்டியில் இருப்பதிலேயே உயரமானதைத் தேர்ந்தெடுத்தார். திறந்து காட்டியதும் முகம் மாறிவிட்டது. “முக்கால்வாசி காலியா இருக்கே, இந்தக் காத்துக்குமா விலை?” என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

கார்டை வாங்கியதில் பட்ஜெட் இடித்தது. எதையாவது குறைத்தாக வேண்டும். கேபினெட்டின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன மின்விசிறியைக் கையில் எடுத்து, இது எதற்கு என்றார். உள்ளே சூடு சேராமல் இருக்க என்றேன். அதைப் பூப்போலத் திருப்பி மேஜையில் வைத்தார்.

“ஆத்துல ஃபேன் ஓடிண்டுதானே இருக்கு, அதுக்குத் தனியா ஒண்ணு எதுக்கு?”

பொட்டு

நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டரைக் கிழக்கு முகமாக வைத்து, கற்பூரம் காட்டி ஆன் செய்தோம். சுழிபோட்டு எழுதுகிற மாதிரி நித்யா தன் பெயரை டைப் செய்தாள். சார் கண் கலங்கி ஆபீசுக்குப் போனார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் கார் கிளம்பியது.

மானிட்டர் கண்ணாடியின் நட்டநடுவில் மாமி சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். சாலை சரியாக அங்கேதான் வந்தது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். மாமி தடுத்துவிட்டார்.

“முதல் நாளே பொட்டை அழிக்காதீங்கோ. கார் அதைச் சுத்திண்டு போகட்டும்.”

மூன்றாவது சுற்று

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. அழைத்தவர் ராகவன் சார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு படம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது என்றார். படிப்பு கெடுகிறதா என்று விசாரித்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூணாவது சுத்துல சார். நான்தான் முதலாவதா வந்துண்டிருந்தேன்.”

நம்மைக் கண்டால் ஓடும்

வருகிறேன் என்று போன் செய்துவிட்டுப் போனேன். மாமி காபி கொடுத்தார். கார் மூன்று சுற்று, ஆறு சுற்று, என் பொறுமை தீரும்வரை ஓடியது. ராயப்பேட்டைக்குத் திரும்பியதும் போன்: நின்றுவிட்டது. மறுபடி சொல்லிவிட்டுப் போய் மெமரியை மாற்றினேன். ஓடியது. வந்தேன். நின்றது. அடுத்த முறை பவர் சப்ளையை மாற்றினேன். அதே கதை. வாசலில் செருப்பை மாட்டும்போது நித்யா, “ஞாயித்துக்கிழமை கார்த்திக் வந்துடுவான் அங்கிள்” என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

தாஸ் ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

“நீ கீற வரைக்கும் ஓடுது, நீ வந்துட்டா நின்னுடுது. இன்னா மச்சி, பேசாம நீ அங்கியே குடியேறிடு.”

வெல்வெட்

சனிக்கிழமை அடையாறில் ஒரு வேலை முடித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அபிராமபுரம் போனேன். கூடத்தில் வீணை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதனால் மாமியால் எழுந்து வர முடியவில்லை. நித்யா உள் அறையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் கருஞ்சிவப்பு வெல்வெட்டில், பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த உறை ஒன்று நின்றது. சி.டி. தட்டுக்கு முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒயர்களைச் சேர்த்து இறுக்கிக் கட்ட நாடா. எதிரே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தூசிக்குப் பயந்து மாமி, வீணைக்கு உறை தைக்கும் டெய்லரிடமே அளவெடுத்துத் தைத்திருந்தார். நான் போன் செய்துவிட்டு வந்த நாட்களில் எல்லாம், வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அதைக் கழற்றி மடித்து பீரோவில் வைத்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சுற்றில் கார் நின்றது. நாடாவை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். இட்லிப் பானைக்குள் விட்ட மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்து மாமியும், அரை நாள் ஆபீஸ் முடிந்து சாரும் வந்ததும், ஓடும்போது அதற்குக் காற்று வேண்டும், அணைத்த பிறகு மூடலாம் என்றேன். விசிறியை மிச்சம் பிடித்த சார் சுவரில் மாட்டிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். மாமிக்கு மட்டும் சமாதானமாகவில்லை.

“என் வீணையைக் கல்யாணத்துலேர்ந்து மூடித்தான் வெச்சிருக்கேன், ஒருநாள் நின்னுதோ?”

விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் வந்தான். திங்களன்று நித்யாவிடமிருந்து போன். கார் நிற்காமல் ஓடுகிறதாம். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. கார்த்திக் ரொம்ப வேகமாக ஓட்டுகிறானாம்; எல்லாப் பந்தயத்திலும் அவனே ஜெயிக்கிறானாம். பேச்சோடு பேச்சாக, உறையைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் நிற்கும், இரண்டாவது சுற்றிலேயே நிற்க வழி உண்டா என்று கேட்டாள். பெட்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் சீக்கிரம் நிற்கும் என்றேன். விஞ்ஞான ஆர்வம் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் மாமி பேசினார். பையன் ஆடும்போது மட்டும் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதாம். நித்யா ஆடினால் ஒரு குறையும் இல்லையாம். அவன் கைதான் சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்களாம். அதைச் சொல்லவா போன் என்றேன். இல்லை, உறை விஷயமாக நான் இனிமேல் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தானாம்.

“நித்யாவுக்கு என்ன பொறுப்பு வந்துடுத்து தெரியுமோ! கார்த்திக் ஆட உட்கார்ந்தாலே, தூசி பட்டுடும்மான்னு அவளே ஓடிப்போய் உறையை எடுத்துண்டு வந்து போட்டுடறா.”

படிப்புக்குத்தான் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் வாங்கிய எத்தனையோ வீடுகளில், அதை வைத்து ஒரு பிள்ளை உருப்படியாக எதையோ படித்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வீட்டில்தான்.